தூளிக்குப் போன சுங்குடி

ஜெபமாலையின் முதல் பத்தில் ஏழாவது மணியா எட்டாவது மணியா என்பது பிலோமினாவுக்கு மறந்து போனது. விரல் ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு நின்றது, உதடு தன் பாட்டுக்கு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு போனது, மனசு மட்டும் கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டையே சுற்றிக்கொண்டு கிடந்தது. இடது கால் பெருவிரலில் தூளிக் கயிற்றைக் கோத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, வலது கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். காலை மடக்கினால் தூளி வரும், நீட்டினால் போகும். உள்ளே ஐந்து மாதத்து ரீத்தம்மா. நாலு முழம் தள்ளிப் பாயில் ராயப்பன், சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையணையை ஒதுக்கிவிட்டு முழங்கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தான். பேக்கரியில் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் அடுப்பு மூட்ட வேண்டும், அதனால் ஊருக்கெல்லாம் மத்தியானம் என்றால் அவனுக்கு அதுதான் ராத்திரி. தூத்துக்குடி வெயில் மொட்டைமாடியின் மேல் உட்கார்ந்து, தட்டோடு வழியாக அந்த ஒற்றை அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பத்தும் முடியும்போது அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லிவிடுவது என்று மாதாவிடம் ஒப்புக்கொடுத்துத்தான் ஜெபமாலையைத் தொடங்கினாள். மூன்று மணிக்கு அம்மா கூப்பிடுவாள். காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள், "ஒன் தம்பி நாளைக்கு மீன் வண்டியில அங்க வாரான். திரும்பும்போது பிள்ளையோட ஏறிரு. வெயில் தாழ ரெண்டு மாசம் மணப்பாட்டுல கிட. முன்சீட்டைக் காலி பண்ணி வைக்கணும், மூணு மணிக்குள்ள சொல்லிப்புடு." அதை அப்படியே ராயப்பனிடம் சொன்னாள், அவன் சாப்பிடும்போது, ரசச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு. சோற்றைப் பிசைந்த கை ஒரு விநாடி நின்றது. மீனில் முள் தட்டுப்பட்டிருக்கும். அப்புறம் சொன்னான், "பிள்ளைக்கு அங்க காத்தோட்டமா இருக்கும். போயிட்டு வா." அவ்வளவுதான். மோர் ஊற்றப் போனாள், வேண்டாம் என்று எழுந்துவிட்டான். மோர் இல்லாமல் எழுந்திருக்கிற ஆளா அவன்? தூளிக்குள் பிள்ளை சிணுங்கியது, அதான். பிள்ளைக்கு. பிள்ளைக்கு அங்கே காற்றோட்டமாக இருக்கும். இது எட்டாவது மணி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வார்த்தை, போகாதே என்று ஒரு வார்த்தை, வேண்டாம், அதுகூட வேண்டாம், எப்பட்டி வருவ என்று கேட்டிருந்தால்கூடப் போதும். போன வருஷம் இதே வெயிலில் ஒரு நாள் பெரியதாழை சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "யாரைக் கேட்டுப் போற, எனக்கு யாரு மீன் ஆஞ்சு போடுவா" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முனங்கிக்கொண்டே கொண்டுபோய் விட்டவன்தானே. அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த முனங்கல் வேண்டியிருக்கிறது. பன்னிரண்டரை மணிக்கு சைக்கிள் சத்தம் படிக்குக் கீழே கேட்டால் அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்ன அந்தக் காலம், ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்ததும் காகிதப் பொட்டலம் முதலில் உள்ளே வரும். உடைந்த மக்ரூன், சீனியும் முந்திரியும் அடித்துச் சுட்ட வெள்ளைக் கூம்பு. தட்டிலிருந்து எடுக்கும்போது கூம்பு ஒடிந்து போனதைக் கடைக்காரர் வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவார். ராயப்பன் அதில் ஒடிந்த கூம்புகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, கதவு திறந்த நிலையிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் வாயில் வைப்பான். நாக்கில் வைத்ததும் கரைந்து, கடைசியில் முந்திரித் துகள் மட்டும் பல்லில் நிற்கும். "வாயைத் தொற பிலோ, வாயைத் தொற, கீழ் வீட்டம்மா பாக்குறதுக்குள்ள." இப்போது கதவைத் திறந்தால் வெறுங்கையோடு நேரே குழாயடிக்குப் போகிறான். சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்க்கிறான், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி. அப்புறம் தூளிப் பக்கம். அப்புறம் அந்தக் குரல். அந்தக் குரலை அவன் எங்கேயிருந்து எடுத்தான் என்று பிலோமினாவுக்குத் தெரியும். அது அவளுடையது. அவள் காய்ச்சலாகக் கிடந்த மூன்று நாளும் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டு பேசிய குரல், வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது, இப்போது அப்படியே தூக்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். பொட்டலம் எங்கே என்று, பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து வந்த முதல் வாரமே கேட்டாள். "அத்தை சொன்னாவல்லா, நீ இனிப்புத் தின்னா பிள்ளைக்குச் சளி கட்டும்னு. இனி அது இந்த வீட்டுக்குள்ள வராது." என்னவோ பெரிய சத்தியம் பண்ணின மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சொன்னது அவளுடைய அம்மாதான். அதனால் யாரிடம் போய்க் கோபப்படுவது? ஒரு கூம்பு. ஒரு கூம்பில் என்ன சளி கட்டிவிடப் போகிறது?

மாதாவே, மன்னித்துக்கொள், எங்கே விட்டேன்? பத்தாவது. சரி, இரண்டாம் பத்து. காலை மடக்கினாள், தூளி வந்தது. குளிப்பாட்டுவதுகூட அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டுக்கு வரும்போது அம்மா பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் "அத்தை, இன்னைக்கு நான் ஊத்துதேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை நீட்டிவிட்டான். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள், அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுடைய இரண்டு கால்களுக்கும் மேல் பிள்ளை குப்புறக் கிடக்க, விரலிடுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் வைத்து, முட்டிக்குப் பின்னால் மடிப்பை விரித்துத் துடைத்து, மாவு பிசைகிற அந்தப் பெரிய கை எப்படி அவ்வளவு சின்னதாகிறது! அவளுடைய குதிகாலில் உடைமுள் ஏறியபோது அந்தக் கை அப்படித்தான் ஆனது. கல்யாணமாகி இருபதாம் நாள். முள் வெளியே வந்த பிறகும் பாதத்தை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் உள்ள இருக்க மாதிரி இருக்கு" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் இருக்கட்டும் என்று பொய்யாக ஸ் ஸ் என்றாள். இப்போது அவள் பாதம் வெடித்துக் கிடக்கிறது. முடி கொத்துக் கொத்தாக வருகிறது. வயிற்றில் துணி இறுக்கிக் கட்டியும் சதை அடங்கவில்லை. அவன் பார்க்கிறதில்லை, அவள் மேல் கண் படுகிறதே இல்லை, பட்டாலும் பிள்ளை அவள் மேல் இருக்கிறதால் படுகிறது. செல்போனில் ஒரு படம் வைத்திருக்கிறான், பேக்கரியில் எல்லாருக்கும் காட்டுகிறானாம். பிள்ளையின் முகம். பிள்ளை யாருடைய தோளிலோ சாய்ந்திருக்கிறது. அந்தத் தோள் அவளுடையது. தோள் மட்டும்தான் விழுந்திருக்கிறது, முகத்துக்கு இடம் போதவில்லை. கீழ் வீட்டம்மாவின் பேரனுடைய பைக்கை இரவல் வாங்கிக் கோயிலுக்குப் போனபோதுகூட அவனுக்கும் அவளுக்கும் நடுவில் பிள்ளை. அவன் இடுப்பைப் பிடிக்கிற கை பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினபோது அவன் திரும்பிக் கேட்டான், "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

இதைப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது. சாமி, நான் பொறாமைப்பட்டேன். யார் மேலம்மா? என் பிள்ளை மேல, சாமி. எத்தனை தடவை? சாமியார் இருமுவார். அந்தத் தட்டிக்குப் பின்னால் அவர் தலையைச் சொறிவது தெரியும். பெத்தவள் நினைக்கிற நினைப்பா இது, பத்து மாதம் சுமந்து, பதினாறு மணி நேரம் வலித்து, முதல் அழுகையைக் கேட்டதும் உடம்பே கரைந்து போனது உண்மைதானே, இப்போதும் அது வாய் வைத்து இழுக்கும்போது உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றுகிறது உண்மைதானே. அப்படியிருக்க அவன் எடுத்துக் கொஞ்சினால் மட்டும் ஏன் நெஞ்சுக்குள் ஒரு நண்டு நகர்கிறது? பிள்ளை மேலா, அவன் மேலா, யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை. அவனுக்குக் கிடைக்கிற பிள்ளையைப் பார்த்தும் எரிகிறது, பிள்ளைக்குக் கிடைக்கிற அவனைப் பார்த்தும் எரிகிறது. நடுவில் பாலும் துணியுமாக அவள் ஒருத்தி நிற்கிறாள், வேலைக்கு வைத்த மாதிரி. போன ஞாயிறு கோயிலில் பக்கப் பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சூசையப்பர் பாலன் இயேசுவை இடுப்பில் வைத்திருக்கிறார், பிள்ளை அவர் தாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இரண்டு பேருக்கும் வேறு யாரும் வேண்டாம். எதிர்ப் பக்கத்தில் லூர்து மாதா தனியாக, கையைக் குவித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி. இத்தனை வருஷம் அந்தக் கோயிலுக்குப் போகிறாள், மாதாவின் கை வெறுங்கை என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஒரு நாளாவது உமக்கு இருந்திருக்குமா அம்மா? தச்சுப் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக அவர் உம்மைத் தாண்டிப் பிள்ளையிடம் போனபோது? இருந்திருக்காது. நீர் மாதா. நான் மணப்பாட்டு பிலோமினா. ஐந்தாவது மணி.

ஆனால் பயம் அதுவல்ல. பொறாமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது எரியும், அணையும். பயம் வேறே. அவளுடைய அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசி அவள் பார்த்ததில்லை. சண்டை இல்லை, ஒரு மனஸ்தாபம் இல்லை, நாலு பிள்ளைகள் பிறந்தார்கள், அவ்வளவுதான். "பிலோமி, ஒங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அப்பா இரண்டு அடி தூரத்தில் வலைக்கு ஈய மணி கோத்துக்கொண்டிருப்பார், காதில் விழுந்திருக்கும், ஆனாலும் அவள் போய்ச் சொல்ல வேண்டும். "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொல்லுதாவ." "பசிக்கலன்னு சொல்லு." அவள் திரும்பி அதே இரண்டு அடியை நடப்பாள். வீட்டில் அவளுக்கு அதுதான் வேலை. அப்பா செத்து பெட்டிக்குள் கிடந்தபோதுதான் அம்மா முதல் முறையாக நேராக அவரைப் பார்த்து, "ஏங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு பிலோமினாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கல்யாணத்தன்றே மனசுக்குள் ஒன்று நேர்ந்துகொண்டாள், எது எப்படிப் போனாலும் என் புருஷனோடு நான் நேராகப் பேச வேண்டும். பேசினார்கள், என்னவெல்லாமோ பேசினார்கள், அடுப்பு சரியாக எரியாத கதை, முட்டை வெள்ளைக்கரு நுரைக்காத கதை, கீழ் வீட்டம்மாவின் பல்செட்டு கதை. இப்போது? முந்தாநாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கன்னத்தைத் தட்டி அவன் சொன்னான், "அம்மாகிட்ட சொல்லு பிள்ளே, அப்பாவுக்குத் தண்ணி வேணும்னு." விளையாட்டுக்குத்தான். எல்லா அப்பன்மாரும் சொல்கிறதுதான். ஆனால் அவள் செம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அந்த இரண்டு அடி. அதே இரண்டு அடி இந்த அறைக்குள்ளும் வந்துவிட்டது, அதில் நடப்பதற்கு ஒரு பிள்ளையும் பிறந்தாயிற்று. அப்படியானால் போய்விடலாமே. நாளைக்கு மீன் வண்டியில் ஏறிவிடலாம். தேடட்டும். தேடினால் யாரைத் தேடுகிறான் என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கும்போது கண் முதலில் யார் பக்கம் போகிறது என்று பார்த்துவிடலாம். தெரிந்துகொண்டு என்ன செய்வது? இரண்டு மாதம் நாலு மாதமாகும். நாலு மாதத்தில் அவன் முழங்கையைத் தலைக்கு வைத்துப் படுக்கவும், தானே மீன் ஆயவும் நன்றாகவே பழகிவிடுவான்.

மூன்றாம் பத்து தொடங்கினாளா, இரண்டாவதே முடியவில்லையா, மணிகள் கைக்குள் சுருண்டு கிடந்தன. தூளியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த மூன்று வாரமாகவே அவள் கயிற்றை மட்டும்தான் பார்க்கிறாள். அந்தத் துணியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கத்தரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை, வெள்ளைப் புள்ளி, அரக்குக் கரை. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்குப் போய்த் திரும்புகையில் மதுரையில் இறங்கி, அவனே கடை கடையாக ஏறி இறங்கி, அவளை வெளியே நிறுத்திவிட்டு எடுத்துவந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவன் சேலைக்கடைக்குள் நுழைந்ததில்லை. கஞ்சி மொடமொடப்போடு கட்டிக்கொண்டு துறைமுகக் கடற்கரைக்குப் போனபோது நடக்க நடக்கக் காகிதம் மாதிரி சத்தம் வந்தது. "இதக் கட்டினா நீ புதுசா எடுத்த மக்ரூன் மாதிரி இருக்க." "நான் என்ன அவ்வளவு வெள்ளையாவா இருக்கேன்?" "வெள்ளைக்குச் சொல்லல. தொட்டா நொறுங்கிருவியோன்னு இருக்கு." நாலே தடவைதான் கட்டினாள், அழுக்காகிவிடுமே என்று. ஏழாம் மாதம் பிரசவத்துக்குப் புறப்படும்போது மடித்து, அலமாரியில் அடித்தட்டில், இரண்டு கற்பூர உருண்டையோடு வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து உடம்பு பழையபடி ஆனதும் ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும் என்று ஊரில் கிடந்தபடியே எத்தனை தடவை நினைத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பிள்ளையோடு படியேறி வந்தால், உத்தரத்து வளையத்தில் தூளி தயாராகத் தொங்குகிறது. நடுவில் கம்பு கொடுத்து, குருத்தோலைச் சிலுவை கட்டி. கீழ் வீட்டம்மா, "அப்பன் கட்டின தூளியைப் பாருங்க" என்று எல்லாரையும் கூட்டிவந்து காட்டினாள். ராயப்பன் பல்லெல்லாம் தெரிய நின்றான். "இருக்கதிலயே மெதுவா இருந்தது இதான்." தூளிக்குப் பழஞ்சேலை கட்டுவதுதான் ஊர் வழக்கம். பழஞ்சேலையா அது? அம்மா இரண்டு பழைய சேலை பையில் வைத்துக் கொடுத்திருந்தாள், அதை எடுத்து வெளியே வைக்க வாய் வரவில்லை, சிரித்தாள். புள்ளிகள் இழுபட்டு, கரை சுருங்கி, நடுவில் மூத்திர வட்டம் வட்டமாக. அவளைப் பற்றி அவன் வைத்திருந்த நினைப்பு எல்லாவற்றையும் அவிழ்த்து, முறுக்கி, பிள்ளைக்குக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

காலை நீட்டியபோது தூளி போகிற போக்கில் நறுக்கென்று ஒரு சத்தம். நிமிர்ந்தாள். பிள்ளை கனத்துவிட்டது, மேலே முடிச்சு கொஞ்சம் இறங்கி இறுகியிருந்தது, விழாது. ஆனால் முடிச்சுக்குள் செருகிவைத்திருந்த முந்தானைத் துண்டு வெளியே வந்து, ஒரு முழம் நீளத்துக்கு அவள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. ஒதுக்கிவிடுவதற்காகத் தொட்டவள் ஒதுக்கவில்லை. இது என்ன இவ்வளவு மெதுவாக இருக்கிறது. கஞ்சி எங்கே? நாலு தடவை கட்டின சேலை. இருபது வருஷம் துவைத்த வேட்டி மாதிரி, வாழைக்குருத்து மாதிரி, விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. முகத்தருகில் கொண்டுபோனாள். கற்பூர உருண்டை வாசனை இல்லை. பிள்ளை வாசனையும் இல்லை, அது கீழே தொட்டில் வயிற்றில்தான். இது வேறே. ஆள் வாசனை. யாரோ கட்டியிருக்கிறார்கள். நெஞ்சுக்குள் நண்டு எழுந்து நின்றது. மெட்டில்டா மதினி, ராயப்பனின் அக்காள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அவள்தான் அந்த ஏழு மாதமும் வாரத்தில் இரண்டு நாள் வந்து குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனவள். "ஒன் அலமாரியை ஒழுங்குபடுத்தி வச்சேன் பிலோமி" என்று ஒருமுறை போனில் சொன்னாளே. எடுத்துக் கட்டியிருப்பாள். ஏதாவது கல்யாண வீட்டுக்கு, திருவிழாவுக்கு, தம்பிகாரன் கட்டிக்கோ அக்கா என்று எடுத்துக் கொடுத்திருப்பான். கட்டிக் கட்டி நைந்த பிறகு, சரி, இனி தூளிக்கு ஆகும். இருக்கதிலேயே மெதுவாக இருந்தது. ஆமாம், இருக்கும். இல்லை மதினிதானா? மாதாவே, இதற்கு மேல் என்னை நினைக்க விடாதே. மறுபடி மோந்தாள். சீனி. கருகின சீனி, முந்திரி, அடுப்புப் புகை, கொஞ்சம் வியர்வை. மதினி வீட்டில் ஏது கருகின சீனி? துணியைத் திருப்பினாள். கரையோரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், அதைத் தைத்திருந்தது. தையலா அது, கோழி கிளறின மாதிரி. தடித்த வெள்ளை நூல், மைதா மூட்டை வாய் தைக்கிற நூல். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு நீளம், கடைசியில் அவிழாமல் இருக்க மூன்று முடிச்சு. இந்த மூன்று முடிச்சை அவளுக்குத் தெரியும். அவனுடைய வேலைக் கால்சட்டையில் பித்தானெல்லாம் இந்த மூன்று முடிச்சில்தான் தொங்குகிறது.

தூளி நின்றுவிட்டது. அவள் பாயைப் பார்த்தாள், ஒதுக்கிக் கிடந்த தலையணையைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள். "ஏங்க." சொன்ன பிறகுதான் அது அம்மாவின் சொல் என்று உறைத்தது. உயிரோடு இருக்கிறவரிடம் சொல்லிவிட்டோம், தேவனே ஸ்தோத்திரம். "ஏங்க, முழிப்பா?" "ம்." தூங்கின குரல் இல்லை அது. இந்த ஒரு மணி நேரமும் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் தூங்கவே இல்லை போல. "இந்தச் சேலை எப்படி இவ்வளவு மெதுவாச்சு?" அவன் திரும்பவில்லை. "ஏழு மாசம் தலைக்கு வச்சுப் படுத்தா மெதுவாகாம என்ன செய்யும்." "தலைக்கா?" "தலைக்கு, மூஞ்சிக்கு. நீ போன மறுநாளு மத்தியானம் தூக்கமே வரல. அலமாரியைத் தொறந்தேன், இது இருந்துச்சு. சீனிப் பிசுக்கு ஒட்டி எறும்பு வந்துச்சு, அதனால வாரா வாரம் தொவைச்சேன். கொடியில ஆணி இழுத்துக் கிழிஞ்சுபோச்சு. நீ திட்டுவன்னு தச்சு, அந்த முனையை முடிச்சுக்குள்ள செருகிட்டேன்." "பிள்ளைக்கு எதுக்குக் கட்டினீய?" "பின்ன?" அவன் இப்போது திரும்பினான், உண்மையாகவே புரியாதவன் மாதிரி பார்த்தான். "எனக்குத்தான் நீ வந்துட்டியே. இனி எனக்கு அது எதுக்கு."

பிலோமினாவுக்கு ஜெபமாலை எங்கே நழுவியது என்று தெரியவில்லை. முந்தானையை மூக்கோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டாளாம். மூன்று வாரமாக வந்துவிட்டாளாம். நாலு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு, முழங்கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வந்துவிட்ட பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது, நிஜமான கோபம். "பின்ன எதுக்கு என்னைப் போயிட்டு வான்னு சொன்னீய?" "ஒங்கம்மா கூப்பிடுதாவ. நான் என்ன சொல்ல?" "போகாதேன்னு சொல்லணும்." "சொன்னா சிரிப்பாவ, பிலோ. பிள்ளை வேக்காட்டுல கெடக்கு, இவனுக்குப் பெண்டாட்டி கேக்குதோன்னு. மெட்டில்டா அக்கா ஏற்கெனவே என்னைக் கேலி பண்ணிக்கிட்டு இருக்கா, சேலையைக் கொடியில பாத்துட்டு." அவன் காது சிவந்திருந்தது. பிள்ளை இல்லாமல், நடுவில் யாருடைய கன்னத்தையும் தட்டாமல், அந்த நாலு முழத்துக்கு மேலாகவே அவன் இதைச் சொன்னான். நெஞ்சுக்குள் நண்டு இன்னும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய், ஏழு மாதம் தன்னைத் தேடி அவன் அணைத்துக் கிடந்த சேலைக்குள் சுகமாகச் சுருண்டு கிடக்கிற அந்தச் சின்ன முதுகைப் பார்க்கையில் இப்போதுகூட ஒரு காலைத் தூக்கி வைத்தது. எனக்கு வந்த வாசனையில் நீ தூங்குதியா பிள்ளே, என்று மனசுக்குள் கேட்டாள். தூங்கு. அடுத்தவாட்டி துவைக்க அவிழ்க்கும்போது நான் எடுத்துக்கொள்வேன். உனக்கு ஆச்சியின் பழஞ்சேலை.

மூன்று மணி ஆவதற்குள்ளேயே போன் அடித்தது. பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னட்டி, தம்பிகிட்ட சொல்லவா?" "இல்லம்மா. வரல." "ஏன், அவிய விடலியா?" பிலோமினா பாயைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிள்ளை தூளியில் பழகிவிட்டது, இடம் மாற்றினால் தூங்காது என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது அது, லேசான பொய், யாரும் சிரிக்காத பொய். "அவிய போகத்தான் சொன்னாவ. எனக்குத்தான் அவியள விட்டுட்டு வர மனசில்லம்மா." அம்மா வேறு மாதிரியான ஒரு குரலில், "சரி, இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்து, ஜெபமாலையைப் பாய் ஓரத்திலிருந்து தேடி எடுத்தாள். எத்தனையாவது மணி என்பது மாதாவுக்கே தெரியும். கால்விரலிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். தூளி தானாக இரண்டு தடவை ஆடிவிட்டு நின்றது, பிள்ளை எழவில்லை.

"நாளைக்கு ஒடஞ்ச கூம்பு கொண்டாங்க" என்றாள்.

"பிள்ளைக்கு ஆகாதுன்னாவளே அத்தை."

"எனக்கு ஆகும்."